அக்கா தன் மேல் போட்டுக்கொண்ட பழி

என் அக்கா பெரிய பாவம் ஒன்றில் விழுந்துவிட்டாள் என்ற செய்தி, கடல் தாண்டி வந்து, ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பில் போடும் வரிசையில் என் மனைவியின் காதில் விழுந்தது. பால் பாக்கெட்டை மேசையில் வைத்த கையோடு அவள் ஆரம்பித்தாள்.

"உங்க அக்காவுக்கு என்னங்க ஆச்சு?"

"என்ன ஆச்சு?"

"என்னைக் கேக்கறீங்க? சபையே பேசுதாம். மாசா மாசம் திருவிருந்துத் தட்டு வருது, நாத்தனார் தொடாம பக்கத்துல தள்ளி விடறாங்களாம். ஆஸ்பத்திரியில கூட வேலை செய்யற ஆள் ஒருத்தர் வீட்டுக்கு வந்து வந்து போறாராம்."

"யார் சொன்னது?"

"சபையில கீபோர்டு வாசிக்கிறவரோட மச்சினி இங்கதான இருக்கா. அவளா ஒண்ணும் சொல்லலையாம். அவ அக்கா சொன்னதைத்தான் சொல்றாளாம்."

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, திராட்சை ரசம் ஊற்றிய சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டு பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி வரும். மனதறிந்த பாவம் தீராமல் இருந்தால் அதைத் தொடக் கூடாது என்பது சட்டம். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று கண்ணை மூடி ஜெபிப்பவர்களுக்கும் தெரிந்துவிடும். நான் பார்த்தவரையில், வீட்டுச் சுவர் தகராறில் முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள்கூட ஒரே தட்டிலிருந்து எடுத்துக் குடித்துவிட்டுப் போவார்கள். தட்டைத் தள்ளிவிடுவது என்றால் எழுந்து நின்று தன் குற்றப்பத்திரிகையைத் தானே வாசிப்பது போல.

அக்கா அதைப் பல மாதங்களாகச் செய்துகொண்டிருந்தாள்.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்து கொதிநீராவியில் கிருமி நீக்கி அனுப்பும் பிரிவில் வேலை செய்கிறாள். ஒருமுறை விடுமுறையில் போயிருந்தபோது மேலங்கியும் தலை உறையும் மாட்டிவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போனாள். ஒரு பக்கச் சுவரில் ஜன்னல். அதன் வழியாக ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கத்தியும் இடுக்கியும் இரத்தம் காயாத ஈரத்தோடு தட்டுகளில் வரும். தொட்டியில் ஊறவைத்து, பிரஷ்ஷால் பல்லிடுக்கு போலத் தேய்த்து, உலர்த்தி, விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடியின் கீழே ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். பிறகு பச்சைத் துணியில் பொட்டலம். பொட்டலத்தின் நடுவே ஒரு காகிதப் பட்டை, மேலே ஒட்டும் டேப். நீராவி வேலையை முடித்தால் இரண்டிலும் கோடு கறுக்கும். நடுவே ஆளுயர இயந்திரங்கள். இந்தப் பக்கக் கதவு வழியே உள்ளே போகும் பொட்டலம் அந்தப் பக்கக் கதவு வழியே சுத்தமான அறைக்கு வரும்.

சுத்தமான பக்கத்தில் வண்டி இழுப்பவர் ரேடியோ. அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, ஆஸ்பத்திரி முழுக்க அதுதான் பெயர். வாய் ஓயாது. அக்காவை அவர் கூப்பிடுவது 'பாஸ்டரம்மா' என்று.

"பாஸ்டரம்மா, உங்க தம்பியா? பாவம், முகத்தைப் பாத்தாலே கவலை தெரியுது. ஒரு ஜெபம் போட்டு விடுங்க" என்றார் என்னைப் பார்த்த மறுநிமிடம்.

"உனக்காகப் போட்ட ஜெபமே இன்னும் மேல கேக்கலயாம். நீ வாயை மூடினாத்தான போகும்" என்றாள் அக்கா, இடுக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆகவே வதந்தியில் வந்த 'ஆள்' யாரென்று எனக்கு ஊகிக்க முடிந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

"ரேடியோவா? அவனோடயா? டேய், அவனைக் கட்டிக்கிட்டவளே டயாலிசிஸ்ல படுத்திருக்கற நேரந்தான் காதுக்கு ஓய்வுன்னு சொல்றா."

போனை அத்தான் பிடுங்கிக்கொண்டார். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறவர், எதற்கும் பதறாதவர். "மாப்ள, என் மானம் கப்பலேறிடுச்சுன்னு இங்க சொன்னாங்க. அங்க வந்து எறங்கிடுச்சா? பரவாயில்ல, நல்ல கப்பல்தான்."

"அத்தான், அவர் வீட்டுக்கு வர்றது நெஜமா?"

"வர்றான். பழம் வாங்கிட்டு வர்றான். உக்காந்து சுவத்தைப் பாக்கறான். ஒரு வார்த்தை பேசறதில்ல. ரேடியோ பேசாம உக்காந்தா எவ்வளவு பயமா இருக்கும் தெரியுமா? நான் பேட்டரி போயிடுச்சோன்னு பாக்கறேன்."

பிறகு அக்கா சொன்னாள். ஒரே நாளில் சொல்லவில்லை, இடைவேளைகளில் விட்டு விட்டுச் சொன்னாள்.

இயந்திரங்களில் ஒன்றின் அலாரத்துக்குக் காரணமே வேண்டாம், எப்போது பார்த்தாலும் கத்தும். ரேடியோ, தனக்குப் போட்டியாக இன்னொரு குரல் எதற்கென்று, அதன் வாயில் பஞ்சைத் திணித்து வைத்திருந்தார். ஒருநாள் நீராவி அழுத்தம் விழுந்து இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. இந்த முறை அலாரத்துக்குக் காரணம் இருந்தது, குரல்தான் இல்லை. எதிரில் நின்றவரிடம் கதை பேசிக்கொண்டே ரேடியோ கதவைத் திறந்து வண்டியை இழுத்தார். பாதி நீராவிக்கே பொட்டலங்களின் மேல் டேப்பில் கோடு கறுத்திருந்தது. அலமாரியில் அடுக்கிவிட்டார். அவற்றில் ஒன்று தியேட்டருக்குப் போனது. மயக்க மருந்து கொடுத்து ஒருவரைப் படுக்கவைத்தாகிவிட்டது. நர்ஸ் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே பட்டை வெள்ளையாக இருக்கிறது. வேறு கருவிகள் வந்து சேரும்வரை அந்த மனிதர் நினைவில்லாமல் காத்துக் கிடந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேட்ரன் இறங்கி வந்தார். "யார் வண்டியை வெளிய எடுத்தது?"

ரேடியோவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கவனக்குறைவுக்காக இரண்டு முறை எச்சரிக்கப்பட்டவர். மூன்றாவது என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால், ஊழியர் குடும்பம் என்ற பெயரில் அதே ஆஸ்பத்திரியில் அவர் மனைவிக்கு நடக்கும் டயாலிசிஸும் இல்லை.

"நான்தான் மேடம். அந்தப் பக்கம் போயிருந்தேன். முடிஞ்சிருக்கும்னு நெனச்சு இழுத்துட்டேன்" என்றாள் அக்கா.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டேன். "யோசிச்சா சொன்னேன்? வாய் தானா சொல்லிடுச்சுடா. எத்தனை வருஷமா சொல்ற கதை" என்றாள்.

அக்கா சபையில் சண்டே ஸ்கூல் டீச்சர். பிள்ளைகளுக்கு மீட்பு என்றால் என்ன என்று விளக்க அவளிடம் ஒரு கதை உண்டு. தம்பி பந்தடித்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிடுவான். அப்பா பிரம்போடு வருவார். அண்ணன் முன்னால் வந்து, 'நான்தான் உடைச்சேன்' என்று சொல்லி அடியை வாங்கிக்கொள்வான். இயேசுவும் நமக்காக அப்படித்தான் என்று முடிப்பாள். நானே கேட்டிருக்கிறேன். 'பளீர்' என்று மேசையில் ஸ்கேலால் தட்டும்போது முன்வரிசைக் குழந்தைகள் கண்ணை மூடிக்கொள்ளும்.

தண்டனை பெரிதாக இல்லை. அவளுடைய பேர் சுத்தமானது என்பதால் மேற்பார்வைப் பொறுப்பை மட்டும் எடுத்துவிட்டு, இரத்தம் கழுவும் ஜன்னல் பக்கத்துக்கு மாற்றினார்கள். அன்று சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தாளாம், பாட்டுக்கூட முணுமுணுத்தாளாம். அடுத்த ஞாயிறு பிள்ளைகளுக்கு அதே கதை. 'நான்தான் உடைச்சேன்' என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அந்த வாக்கியத்தைத் தன் வாயால் அப்போதுதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அண்ணன் சொன்னது பொய். இத்தனை வருடமும் அது அவள் காதில் ஏறவில்லை. பிள்ளைகளை ஒரு பாட்டுப் பாடச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அதற்கடுத்து வந்த தட்டை அவள் தொடவில்லை.

போதகர் வீடு தேடி வந்தார். விஷயத்தை அவரிடம் மட்டும், பெயர் சொல்லாமல் சொன்னாள். அவர் நெகிழ்ந்துபோனார்.

"அக்கா, இதுதானே நாம பிரசங்கம் பண்றது? இன்னொருத்தர் தப்பை உங்க மேல ஏத்துக்கிட்டீங்க. கிறிஸ்து செஞ்சதைத்தான செஞ்சிருக்கீங்க?"

"இயேசு பொய் சொல்லிட்டா ஐயா சிலுவையில ஏறினாரு?"

போதகர் காபியைக் கீழே வைத்தாராம்.

"அவர் மேல குத்தம் இல்லைன்னு ஊருக்கே தெரியும். தீர்ப்புச் சொன்னவனுக்கே தெரியும். தெரிஞ்சுதான் தண்டனை குடுத்தாங்க, தெரிஞ்சுதான் அவர் வாங்கிக்கிட்டாரு. நான் எல்லாரையும் ஏமாத்தி வாங்கியிருக்கேன். நான் அந்தப் பொட்டலம் மாதிரி இருக்கேன் ஐயா. மேல மட்டும் கோடு கறுத்திருக்கு."

நான் ஒரு யோசனை சொன்னேன். தூரத்தில் இருப்பவர்களுக்கு யோசனைக்குக் குறைவில்லை. "அக்கா, நடந்தது நடந்துபோச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. கர்த்தர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு விட்டுடு. கிளறினா ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துடும். யாரும் சாகலையே?"

"நான் செத்துத்தான்டா கெடக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் நிதானமாகத்தான் சொன்னாள்.

"பயப்படாத. சாப்பிடறேன், தூங்கறேன், உங்க அத்தானைத் திட்டறேன். பல்லு புடுங்க ஊசி போட்டா கன்னம் மரத்துப் போகும் பாரு, அப்போ கன்னத்தை நாமளே கடிச்சாக்கூடத் தெரியாது. வாயில ரத்தம் வந்தப்பறம்தான் தெரியும். அப்படி இருக்கு. ஜெபம் பண்ண உக்காந்தா உடம்பு மட்டும் உக்காருது. பாவம் வந்தா சாவு வரும்னு சின்ன வயசுல படிச்சப்போ, என்னைக்கோ ஒருநாள் வரப்போற சாவுன்னு நெனச்சேன். இது உடனே வர்ற சாவு."

இந்தப் பேச்சையெல்லாம் இறையியல் புத்தகங்களில் வேறு மொழியில் படித்துத் தேர்வு எழுதியவன் நான். கருவி கழுவும் கையோடு ஒருத்தி சொல்லும்போதுதான் முதல்முறையாகக் கேட்பது போலிருந்தது.

ரேடியோவிடம் அவள் பேசியது ஆஸ்பத்திரி மாடிப்படியில். தான் பொய் சொன்னதை மேட்ரனிடம் சொல்லப் போவதாகவும், வேறு யார் பெயரையும் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னாள். பெயர் சொல்லாவிட்டால் என்ன, அன்று அந்தப் பக்கம் இருந்தது வேறு யார்? ரேடியோவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"உன்னை யாரு காப்பாத்தச் சொன்னது? கேட்டேனா? காப்பாத்திட்டு இப்போ கையை விடறியே. நீ சொர்க்கத்துக்குப் போக என் பொண்டாட்டியப் பலி குடுக்கணுமா?"

"உன்னைக் கேக்காம வாய் தொறக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா இறங்கி வந்துவிட்டாள்.

உண்மை சொன்னால் ஒரு பெண்ணின் உயிர். சொல்லாவிட்டால் தன் உயிர், அவள் கணக்கில். இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு நம்மிடம் நிறையச் சமாதானங்கள் இருக்கின்றன. மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு மிடறு குடித்துவிட்டால் வதந்தி அன்றே செத்திருக்கும். அக்கா அதைச் செய்யவில்லை. மாதா மாதம் முன்பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். தட்டு வந்தது, இரண்டு கையாலும் வாங்கினாள், அடுத்தவளிடம் கொடுத்தாள். சபை பேசியது. பிள்ளைகளைச் சிலர் அவள் வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். "நான்தான் காரணம்னு சொல்லிடறேன், நான் உன்னை ஒரு அடி அடிச்சேன், உனக்கு என்மேல தீராத கோவம்னு சொன்னா எல்லாரும் நம்பிடுவாங்க" என்றாராம் அத்தான். "இன்னொரு பொய்யா? வீடு தாங்காது" என்றாளாம் அக்கா.

ரேடியோ பழத்தோடு வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்தப் பழம் எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

போதகர் மறுபடி வந்தார். நல்ல மனிதர், அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. "அந்தக் கண்ணாடிக் கதையை நானும் ரொம்பக் காலமா சொல்லிட்டிருக்கேன் அக்கா. இனிமே சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க. அந்த ஆளை நீங்க எதுக்குக் காப்பாத்தப் போனீங்க? அந்த வேலைக்கு ஒருத்தர் வந்து, முடிச்சுட்டும் போயாச்சு. பரிகாரம் ஒரு தடவைதான். நமக்கு விட்டு வெச்சிருக்கறது சின்ன வேலை. உண்மை பேசறது, ஒருத்தருக்காக ஒருத்தர் போய்க் கெஞ்சறது."

அக்கா அன்று அழுதாளாம். "எனக்குள்ள இவ்வளவு பெருமை இருந்திருக்குடா. இன்னொருத்தன் பாவத்தை நான் சுமக்க முடியும்னு நெனச்சிருக்கேன் பாரேன். ஒரு பொய்யையே சுமக்க முடியல" என்றாள் என்னிடம். எனக்கு அவள்மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான். தியாகம் என்று ஊர் கொண்டாடக்கூடிய ஒன்றைச் செய்துவிட்டு, அதில் தன் அழுக்கைத் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் அதிகம் பேர் இல்லை.

அவளுடைய பொய்யால் இன்னொன்றும் நடந்திருந்தது. அவள் கவனக்குறைவு என்று விஷயம் முடிந்துவிட்டதால் அந்த அலாரத்தை யாரும் பழுது பார்க்கவில்லை. ரேடியோ பஞ்சை எடுத்துவிட்டிருந்தார், ஆனால் அது காரணமில்லாமல் கத்துவதும் யாராவது ஓடிப்போய் அமுக்குவதும் தொடர்ந்தது. நாளைக்கு இன்னொரு பொட்டலம் போகலாம், இன்னொருவர் மேசையில் கிடக்கலாம். அக்காவை மிகவும் அரித்தது இதுதான். வேலை தொடங்கும் நேரத்தில் அந்த இயந்திரத்தின் முன் தானே போய் நின்று பார்த்துவிட்டுத்தான் கழுவும் இடத்துக்குப் போவாள்.

கடைசியில் திருப்பம் வந்தது வதந்தியால். சபையில் கிளம்பியது எப்படியோ ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வந்து சேர்ந்தது. ரேடியோவின் முகத்துக்கு நேராகவே யாரோ கிண்டலடித்தார்கள். அன்று மாலை அவர் பழம் வாங்காமல் வந்தார்.

"பாஸ்டரம்மா, நானே போய்ச் சொல்லிடறேன்."

"உன் வீட்டுல?"

"அவதான் போகச் சொன்னா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். 'ஏன்யா, அடுத்தவ பேரை அழுக்காக்கித்தான் என் ரத்தம் சுத்தமாகணுமா'ன்னு கேட்டுட்டா. அதுக்கப்பறம் நான் என்ன பேசறது? எனக்கே பேச்சு வரல, பாத்துக்குங்க."

அத்தான் எழுந்துபோய் காபி போட்டுக்கொண்டு வந்தார். "ரேடியோ பாட ஆரம்பிச்சிடுச்சு" என்றாராம்.

இருவரும் சேர்ந்து மேட்ரனின் அறைக்குப் போனார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அன்னைக்கு ஒருத்தர் நான்தான்னு வந்தீங்க. இன்னைக்கு ரெண்டு பேர் வந்திருக்கீங்க. அடுத்த வாரம் எத்தனை பேரை எதிர்பாக்கலாம்?"

ரேடியோ பஞ்சைப் பற்றிச் சொன்னார். அக்கா தன் பொய்யைச் சொன்னாள். "கவனமில்லாம இருந்தது அவர் தப்பு மேடம். தெரிஞ்சே ஏமாத்தினது என் தப்பு, அதுதான் பெருசு. அலாரம் இத்தனை நாள் அப்படியே கெடந்தது என்னாலதான். என்ன தண்டனைன்னாலும் குடுங்க. அவரை விட்டுடுங்கன்னு கேக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா அவங்க வீட்டம்மாவுக்கு நடக்கற வைத்தியத்தை மட்டும் நிறுத்தாதீங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன்."

மேட்ரன் உடனே போன் செய்து அலாரத்தைப் பார்க்க ஆள் வரச் சொன்னார். மற்றதைக் குழு முடிவு செய்யும் என்றார். இருவரையும் குழு கூப்பிட்ட நாள் இன்று.

நேற்று பேசும்போது அக்காவின் குரலில் நான் வெகுநாளாகக் கேட்காத ஒரு துள்ளல் இருந்தது. காலையில் ஜெபத்தில் உட்கார்ந்தாளாம், அழுகையாக வந்ததாம். "வலிக்குதுடா" என்றாள், பரீட்சையில் தேறிய சின்னப்பெண் மாதிரி.

"வர்ற ஞாயிறு எடுத்துக்குவியா?"

"எடுத்துக்குவேன்."

"வேலை போனாலுமா?"

"போனா இன்னும் வேணுமே. வெறுங்கையோட போறவங்களுக்குத்தான அது. நீ எதுக்கு இவ்வளவு பயப்படற? உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அந்தக் கீபோர்டுக்காரர் மச்சினிகிட்ட நாத்தனார் விசாரிச்சாங்கன்னு."

"ரேடியோவோட வீட்டம்மா எப்படி இருக்காங்க?"

"வைத்தியம் நிக்குமா இல்லையான்னு நாளைக்குத் தெரிஞ்சிடும்" என்றாள்.

குழு கூடி வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். அக்கா எடுக்காததால் அத்தானுக்குப் போன் போட்டேன். அவர் யாருக்கோ ரிவர்ஸ் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார், "எனக்கும் ஒண்ணும் தெரியல மாப்ள, இதை முடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்" என்று வைத்துவிட்டார். கிண்டல் எதுவும் இல்லாமல் அவர் போனை வைத்தது இதுதான் முதல்முறை. அலுவலகத்தில் சாப்பிடும் அறையில், மற்றவர்கள் எழுந்துபோன பிறகு, மறுபடி அக்காவின் எண்ணை அழுத்திக் காதில் வைத்திருக்கிறேன். மணி அடிக்கிறது. அவள் இன்னும் எடுக்கவில்லை.